காணாக்கடி

36 வருஷம் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்தவள் நான். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1972இல் ஆசிரியையாகச் சேர்ந்து, 2008இல் அங்கேயே தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். வெள்ளிக்கிழமை கடைசி மணியில் மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காரவைப்பேன். மடியில் வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு, ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுப் பேன்சீப்பால் வாருவேன். துணியில் எள் சிந்தினாற்போல விழும். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்குவேன். அன்று சாயங்காலம் என் தலையிலும் நாலைந்து ஏறியிருக்கும். வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து எனக்குப் பார்த்துவிடுவார். சிரங்கோடு வரும் பிள்ளைகளின் கையை என் கையில் வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த களிம்பைத் தடவிவிட்டிருக்கிறேன். அருவருப்போ பயமோ ஒரு நாளும் தோன்றியதில்லை.

அதனால்தான், 66 வயதில் நடுராத்திரி எழுந்து முற்றத்துக்கு ஓடி, கட்டியிருந்த புடவையை உதறிக்கொண்டு நான் நின்றபோது, என் மகனால் அதை நம்ப முடியவில்லை. என்னாலும் நம்ப முடியவில்லை.

வீட்டுக்காரர் 2015 ஐப்பசியில் தவறிப்போனார். அடுத்த சித்திரையில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய், ஒரு மண்டபத்தில் வாடகை ஜமக்காளத்தில் இரண்டு ராத்திரி படுத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. பிறகு விரலிடுக்கில் ஆரம்பித்தது. பகலில் சும்மா இருக்கும். விளக்கை அணைத்துப் படுத்தால் மணிக்கட்டு, அக்குள், இடுப்பில் புடவைக் கட்டு இறுகும் இடம் என்று ஒவ்வொன்றாக விழித்துக்கொள்ளும். முதலில் பார்த்த டாக்டர் என் கையைத் தொடக்கூட இல்லை. "ஒண்ணுமில்லம்மா, வயசானா தோல் காயும்" என்று ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. அதற்குள் மருமகளும் பேரனும் சொறிய ஆரம்பித்துவிட்டார்கள். பிறகுதான் ஒரு தோல் டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்த்து, விரலிடுக்கில் பென்சிலால் கோடு கிழித்ததுபோல இருந்த சின்னத் தடத்தைக் காட்டினார். சிரங்குப் பூச்சி. நான் நூறு பிள்ளைகளுக்குக் களிம்பு தடவிய அதே சிரங்கு.

அந்தப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பெண்பூச்சி மேல்தோலுக்குள் வளை தோண்டிப் போய் முட்டையிடும். முதல்முறை தொற்றினால் அரிப்புத் தொடங்க 4 முதல் 6 வாரம்வரை ஆகும். அதனால்தான் யாரிடம் ஒட்டியது, எங்கே ஒட்டியது என்று பெரும்பாலும் தெரிவதில்லை. உடம்பெல்லாம் அரித்தாலும் சாதாரணமாக ஒருவர் உடம்பில் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிதான் இருக்கும். டாக்டர் பெர்மெத்ரின் களிம்பு எழுதிக்கொடுத்தார். ஒரே ராத்திரியில் வீட்டில் எல்லாரும் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நகக்கண்கூட விடாமல் தடவிக்கொண்டு படுத்து, காலையில் குளிக்கவேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. துணிமணியை வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் போட்டோம். மருமகளுக்கும் பேரனுக்கும் சரியாகிவிட்டது.

ஒன்றை மட்டும் எனக்கு யாரும் சொல்லவில்லை. பூச்சி செத்த பிறகும் அரிப்பு 2 முதல் 4 வாரம் நீடிக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலுக்குள்ளேயே கிடக்கும். தோல் உரிந்து அவை வெளியேறும்வரை உடம்பு அவற்றோடு மல்லுக்கட்டும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். சீட்டு எழுதும்போது அரை நிமிஷம் செலவழித்து இதைச் சொல்லியிருந்தால், என் வாழ்க்கையில் ஒன்றேகால் வருஷம் பாழாகியிருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். எனக்கு அரித்தது, ஆகவே பூச்சி சாகவில்லை என்று முடிவுகட்டினேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அது சரியான கணக்காகத்தான் தெரிந்தது.

அதன் பிறகு நான் செய்ததையெல்லாம் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் இதைப் படிக்கும் யாராவது இதே வேலையைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்துகொண்டிருக்கலாம் என்பதால் எழுதுகிறேன். நாளைக்கு நாலு தடவை குளித்தேன். மருந்துவாசனை அடிக்கும் சோப்பைப் போட்டுத் தேங்காய்நாரால் தேய்த்தேன். அவர் படுத்த இலவம்பஞ்சு மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். அந்தக் களிம்பை டாக்டர் சொல்லாமலேயே வாரம் இரண்டு முறை தடவினேன். தோல், சித்திரை மாதத்து ஏரிபோல வெடித்தது. வெடித்த தோல் அரித்தது. அரித்ததால் இன்னும் தேய்த்தேன். பேரன் ஓடிவந்து மடியில் ஏறினால், "வேண்டாம்டா, அப்பாயிகிட்ட வராதே" என்று தள்ளிவிட்டேன். அவனுக்கு அப்போது 5 வயது.

பள்ளியில் அறிவியல் பாடத்துக்கு வைத்திருந்த பூதக்கண்ணாடி வீட்டில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து உள்ளங்கையை, தலையணை உறையை, தரையைப் பார்ப்பேன். கறுப்பாக, வெள்ளையாக எது கிடந்தாலும் ஈர்க்குச்சியால் தொட்டு எடுத்து ஒரு தீப்பெட்டியில் போட்டு மூடிவைப்பேன். சாட்சி வேண்டுமல்லவா? டாக்டரிடம் காட்டவேண்டுமல்லவா?

இதைத்தான் உலகம் முழுக்க டாக்டர்கள் "தீப்பெட்டி அடையாளம்" என்று சொல்கிறார்கள் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. தோலுக்குள் பூச்சி ஓடுகிறது என்று நம்பிவிட்டவர்கள் தீப்பெட்டியிலோ டப்பாவிலோ பொட்டலத்திலோ எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்களாம். 1938இல் ஸ்வீடன் நாட்டு நரம்பியல் மருத்துவர் எக்போம் இந்த நோயை விரிவாக எழுதிவைத்தார். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலோர் நடுவயது தாண்டிய பெண்கள். அதைப் படித்தபோது எனக்கு அவமானமாக இல்லை. எங்கோ பனி பெய்யும் ஊரில் என்னைப்போல ஒருத்தி ராத்திரி விளக்கை ஏற்றிக்கொண்டு படுக்கையைத் தட்டியிருக்கிறாள் என்று நினைத்ததும் ஒரு துணை கிடைத்ததுபோல இருந்தது.

தீப்பெட்டி என்றதும் சின்னவயதுத் தீப்பெட்டி ஒன்றும் நினைவுக்கு வருகிறது. முதல் மழை பெய்த மறுநாள் வரப்போரம் ரத்தச்சிவப்பாக, தொட்டால் பட்டுப்போல இருக்கும் தம்பலப்பூச்சிகள் கிளம்பும். காலித் தீப்பெட்டியில் ஈரப்புல்லைப் போட்டு, நாலைந்தைப் பிடித்து அடைத்து, ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குவோம். அந்தத் தம்பலப்பூச்சியும் சிரங்குப் பூச்சியும் ஒரே வகையறா. இரண்டுக்கும் எட்டுக் கால். 7 வயதில் தலைமாட்டில் வைத்துக்கொண்டதன் ஒன்றுவிட்ட உறவைத்தான் 66 வயதில் தேடித்தேடி அலைந்திருக்கிறேன்.

வீட்டில் என்னை இரண்டு விதமாக நடத்தினார்கள். இரண்டும் அன்பினால் செய்ததுதான், இரண்டுமே உதவவில்லை. மகன், "ஒண்ணுமே இல்லம்மா, எல்லாம் உன் பிரமை" என்பான். எனக்கோ அந்த நிமிஷமும் முதுகு அரித்துக்கொண்டிருக்கும். அரிப்பை அனுபவிக்கிறவளிடம் அரிப்பே இல்லை என்று சொன்னால், சொல்பவர்மேல் இருக்கும் நம்பிக்கைதான் போகும். மருமகள் என் மனம் நோகக்கூடாது என்று, "ஆமா அத்தை, இங்க ஒண்ணு ஓடுற மாதிரிதான் இருக்கு" என்பாள். அது எரிகிற அடுப்பில் இன்னொரு விறகு. கொஞ்ச நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவளும் விளக்கைப் போட்டுப் பாயைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அரிப்பு கண்வழியாகவும் தொற்றும். இதை நான் வகுப்பறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். முதல் பெஞ்சில் ஒருத்தி தலையைச் சொறிந்தால் இரண்டு நிமிஷத்தில் வரிசை முழுக்கச் சொறியும். பேனே இல்லாத பிள்ளையும் சொறியும். ஜெர்மனியில் இதை ஒரு பொதுச்சொற்பொழிவிலேயே சோதித்திருக்கிறார்கள். பேன், பூச்சி, சொறிகிற மனிதர்கள் என்று படம் காட்டியபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சொறிந்துகொள்வது கூடியதாம். குழந்தை, குளியல் என்று மிருதுவான படங்களைக் காட்டியபோது அப்படி இல்லையாம். கூட்டமாக வாழும் ஜீவன் பக்கத்திலிருப்பவனுக்கு ஏதோ கடிக்கிறது என்றால் தன் உடம்பையும் பார்த்துக்கொள்வது இயற்கை கொடுத்த தற்காப்பு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அந்தத் தற்காப்பு அணைக்கமுடியாத மணியாகிவிட்டால் வீடே தூங்காது.

என்னை நிறுத்தியது டாக்டர் இல்லை. ஒரு தட்டு ரசம்சாதம்.

பேரன் கூடத்தில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெகுநேரமாகச் சத்தமே இல்லையே என்று எட்டிப் பார்த்தேன். ரசம்சாதத்திலிருந்து சீரகத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தான். பதினைந்து இருபது இருக்கும். சாதம் ஆறிப் பாறையாகிவிட்டது. ஒவ்வொரு சீரகத்தையும் விரல் நுனியில் ஒட்டவைத்து, கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், நான் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோலவே தலையைச் சாய்த்துப் பார்த்தான். என்னைக் கண்டதும் ஒன்றை நீட்டி, "அப்பாயி, இதுக்கு உசுரு இருக்கா?" என்று கேட்டான். அவன் கண்ணில் விளையாட்டு இல்லை.

நான் பாடம் நடத்தாத ஒன்றை அந்தப் பிள்ளை என்னிடமிருந்து முழுசாகக் கற்றுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை மகனிடம், "என்னைத் தஞ்சாவூருக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றேன்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என் மகளைவிடச் சின்னவர். வெளியே வரிசை வாசல்வரை நின்றது. நான் தீப்பெட்டியை மேசைமேல் வைத்தேன். அவர் சிரிக்கவில்லை, பக்கத்திலிருந்த பயிற்சி மாணவி உதட்டைக் கடித்துக்கொண்டபோது அவளைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். என் கைகளை வாங்கி, விரலை விரித்து, ஒவ்வொரு இடுக்காக லென்ஸ் வைத்துப் பார்த்தார். இரண்டு இடத்தில் தோலைச் சுரண்டி எடுத்தார். பிறகு தீப்பெட்டியில் இருந்ததையும் கண்ணாடித்தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்களே வந்து பாருங்க" என்று எழுந்து இடம்கொடுத்தார்.

முதலில் என் இமைமுடிதான் தெரிந்தது. அவர் என் தலையைப் பிடித்துச் சரியாக வைத்தார். நீலமாக முறுக்கிய கயிறு ஒன்று: என் புடவை நூல். பூண்டுத்தோல்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடந்தவை: என் தோலின் செதில்கள். ரோமத்தோடு ஓர் எறும்பின் கால். கொஞ்சம் தவிடு. நான் வெகுநேரம் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"பூச்சி இல்லம்மா. ஆனா அரிப்பு இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். அரிப்பு நிஜம். உங்க தோலைப் பாருங்க, தேய்ச்சுத் தேய்ச்சு இருந்த எண்ணெய்ப்பசை எல்லாம் போயிடுச்சு. அரிக்காம என்ன செய்யும்?" என்றார். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு என்று எது கெட்டாலும் தோலில் ஒன்றுமே தெரியாமல் அரிக்கலாமாம். எனக்கு இரும்புச்சத்து குறைந்திருந்தது; அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நல்லாத் தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"அவர் போனதிலேர்ந்து" என்று சொன்னேன். அந்தப் பதில் என் வாயிலிருந்து வரும் என்று எனக்கே தெரியாது. அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் அழுதேன். அவர் என் கையை விடவில்லை.

ஏன் ராத்திரியில் அரித்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். ராத்திரியில் தோல் சூடாகும், உடம்பில் அழற்சியை அடக்கும் சுரப்பு குறையும் என்பதெல்லாம் உண்மைதான். வேறொன்றும் உண்டு. தனியாகப் படுத்து ராத்திரி காதைக் கொடுத்துக் கேட்டால் எத்தனை ஓசை! ஓட்டில் பல்லி, குழாயில் சொட்டு, எங்கோ பலகை விரிகிற சத்தம். அவையெல்லாம் தினமும் இருப்பவைதான்; கேட்கத் தொடங்கினால்தான் கேட்கும். தோலும் அப்படித்தான். எந்த நேரமும் எங்கேயோ ஒரு மயிர் அசைகிறது, ஒரு வியர்வை உலர்கிறது. 43 வருஷம் பக்கத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த ஒரு மனுஷர் இல்லாமல் போன இருட்டில், நான் என் தோலைக் கேட்க ஆரம்பித்திருந்தேன். சிரங்கு அதற்கு ஒரு பெயர் கொடுத்தது, அவ்வளவுதான்.

அந்த டாக்டர் என்னை அதே ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரிடம் அனுப்பினார். எனக்குக் கோபம். "எனக்கென்ன பைத்தியமா?" என்று அந்தச் சீட்டைப் பையில் மடித்துவைத்து மூன்று வாரம் போகாமல் இருந்தேன். சீரகத் தட்டு ஞாபகம் வந்துகொண்டே இருந்ததால் போனேன். மனநல டாக்டர் ஒரு வித்தியாசம் சொன்னார். பயப்படுகிறவருக்கு, இது இல்லாமலும் இருக்கலாம் என்ற ஒரு மூலை மனதில் திறந்திருக்கும். நம்பியே விட்டவருக்கு அந்த மூலை அடைத்துவிடும். எத்தனை பரிசோதனை செய்து காட்டினாலும், சோதனைதான் தப்பு என்பார். நான் இரண்டுக்கும் நடுவில், வாசற்படியில் நின்றிருந்தேன். இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. வாசலில் இருக்கும்போதே வந்தால் சீக்கிரம் ஆகும் என்றார். 8 மாதம் ஒரு மாத்திரை சாப்பிட்டேன். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எனக்குக் கொடுத்தது அடுத்தவருக்கு ஆகாது.

மாத்திரையைவிட அவர் கொடுத்த வீட்டுப்பாடம்தான் எனக்குப் பிடித்திருந்தது. பார்ப்பதை நிறுத்துங்கள் என்று அவர் சொல்லவில்லை. எத்தனை முறை பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள் என்றார். பழைய வருகைப்பதிவேடு ஒன்றில் கோடு போட்டு எழுதினேன். முதல் நாள் 41 முறை. எனக்கே அதிர்ச்சி. பிறகு காலை பத்து மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் பார்க்கலாம், மற்ற நேரம் தோன்றினால் "நாளைக்குப் பத்து மணிக்கு" என்று தள்ளிப்போடவேண்டும் என்றார். தள்ளிப்போட்டது பாதிக்குமேல் மறுநாள் ஞாபகத்துக்கே வராது. ஒரு குளியல், வெதுவெதுப்பான நீர், ஐந்தே நிமிஷம். ஈரம் உலர்வதற்குள் தேங்காயெண்ணெய். நகத்தை ஒட்ட வெட்டிவிடுவது. தாங்கமுடியாமல் அரித்தால் நகத்தை வைக்காமல் நனைத்த துணியை அழுத்துவது. சொறிவது ஒருவகை வலிதான். அந்த வலி ஒரு நிமிஷம் அரிப்பை அமுக்கிவைக்கும், வலி அடங்கியதும் அரிப்பு கூட ஒரு மடங்கோடு திரும்பிவரும். இரண்டாவது மாதத்தில் 41 என்பது 6 ஆயிற்று. பூதக்கண்ணாடியைப் பேரனிடம் கொடுத்துவிட்டேன். அவன் அதைச் செம்பருத்திப் பூவைப் பார்க்க வைத்துக்கொண்டான்.

என் அம்மாயி இருந்திருந்தால் இதற்கு ஒரே வார்த்தையில் பெயர் சொல்லியிருப்பாள்: காணாக்கடி. திடீரென்று உடம்பெல்லாம் தடித்து அரித்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எது கடித்தது என்று காணவில்லை, ஆனால் கடி இருக்கிறது. அந்தச் சொல்லை இப்போது நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. கடித்ததைக் கொண்டுவந்து காட்டு என்று அது கேட்பதில்லை. நீ பொய் சொல்கிறாய் என்றும் சொல்வதில்லை. அம்மாயி பிள்ளையை மடியில் போட்டு, திருநீறு பூசி, வேப்பிலைக் கொத்தால் தலையிலிருந்து கால்வரை மெல்லத் தடவிக்கொண்டே இருப்பாள். அரைமணி நேரம் ஆகும். அக்கி கண்டால் குயவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காவி குழைத்து எழுதுவார்கள். இதெல்லாம் வைத்தியத்துக்கு மாற்று என்று நான் சொல்லவரவில்லை. அக்கி நரம்பைப் பிடிக்கும் நோய், தாமதிக்காமல் டாக்டரிடம் போகவேண்டும். ஆனால் அந்த அரைமணி நேரத் தொடுகை இருக்கிறதே, அதை நாம் எங்கேயோ விட்டுவிட்டோம். என்னை முதலில் பார்த்த டாக்டர் தொடவே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதை நான் மறக்காமல் இருப்பது அதனால்தான்.

சிரங்குக்குக் காரணம் ஒரு பூச்சி என்று உலகத்துக்குத் தெளிவாகச் சொன்னது 1687இல் இத்தாலியின் லிவோர்னோ நகரத்து மருத்துவர் பொனோமோவும் மருந்து வியாபாரி செஸ்தோனியும். அவர்களுக்கு அந்த வழியைக் காட்டியது ஏழைத் தாய்மார்கள். சிரங்கு பிடித்த பிள்ளைகளின் தோலிலிருந்து அவர்கள் ஊசிமுனையால் எதையோ எடுத்துப்போடுவதைப் பார்த்துத்தான் இவர்கள் நுண்ணோக்கியை எடுத்தார்கள். இதைப் படித்தபோது வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த என்னையே பார்த்ததுபோல இருந்தது. இருக்கிற பூச்சியை நமக்குக் கையாளத் தெரியும். ஊசி போதும், சீப்பு போதும், களிம்பு போதும். இல்லாத பூச்சிக்குத்தான் கருவி இல்லை.

பயம் எதையெல்லாம் பார்க்கவிடாமல் செய்கிறது என்பதற்கு ஒன்று சொல்லவேண்டும். நான் பாயைத் தட்டிக்கொண்டிருந்த அதே மார்கழியில், எங்களுக்குப் பால் ஊற்றும் பெண்ணுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி. எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் அவள் அக்குளில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுப்பாக ஒரு பொருக்கைக் கண்டுபிடித்தார்கள். உண்ணிக் காய்ச்சல். புதர்ப்பக்கம் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்குஞ்சு கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்ததும் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டாள். விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அவள் என்னிடம் சொன்னாள், "டீச்சர், அந்த எடத்துல ஒரு நாள்கூட அரிக்கல, வலிக்கல." அவள் தினமும் காலையில் என் வாசலில் நின்றவள்தான். முகம் வாடியிருப்பதை நான் பார்த்திருக்கவேண்டும். நான் அவள் பால்சொம்பில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நினைக்கும்போது மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பொதுவாக ஒரு அரிப்பு இரண்டு வாரத்துக்குமேல் போனாலோ, வீட்டில் இன்னொருவருக்கும் வந்தாலோ, முதலில் தோல் டாக்டர்தான். அவர் இரண்டு முறை பார்த்து இல்லை என்ற பிறகும் மனசு ஒப்பவில்லை என்றால், வெட்கப்படாமல் அடுத்த கதவைத் தட்டவேண்டும். போய்வரத் துணை இல்லாதவர்கள் 14416 என்ற எண்ணுக்குப் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண் அது, தமிழில் பேசுகிறார்கள், காசில்லை. இப்படி அவதிப்படுகிறவரோடு வீட்டில் இருக்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. "ஒண்ணுமில்லை" என்ற சொல்லை விட்டுவிடுங்கள். "ஆமாம், ஓடுது" என்றும் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. "உனக்கு அரிக்குது, எனக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காரலாம்.

போன தை மாதம், பின்தெருவிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்தவள். இப்போது 50 வயதுக்கு மேல். வெள்ளிக்கிழமை வரிசையில் கடைசி ஆளாக உட்கார்ந்து, பேன் பார்த்தால் வலிக்குமா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மகளைச் சிங்கப்பூரில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நாற்காலியில் ஒட்டிவிடும் என்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மடித்த வெள்ளைத்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சொறிந்து ரத்தம் கட்டியிருந்தது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"ரெண்டு பேருகிட்ட போயிட்டேன் டீச்சர். ரெண்டு பேருமே லென்ஸ் வெச்சுப் பாத்துட்டாங்க. ஒண்ணும் இல்லைங்கிறாங்க. ஆனா பாருங்க, இதுல இருக்கு."

தாளை வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவள் எதிரிலேயே நன்றாகப் பார்த்தேன். பஞ்சு. ஒரு கடுகுத்தோல். மடித்து அவளிடமே கொடுத்தேன்.

"எத்தனை நாளாத் தூங்கல?"

அவள் பதில் சொல்லவில்லை. உதடு மட்டும் நடுங்கியது. நான் உள்ளே போய்க் கிண்ணத்தில் தேங்காயெண்ணெயை ஊற்றி, கொஞ்சம் சூடாக்கி எடுத்துவந்தேன். திண்ணையில் அவளை உட்காரவைத்து, முழங்கைக்குமேல் ரவிக்கையைச் சுருட்டிவிட்டு, கையை நீட்டச் சொன்னேன்.

"தொடாதீங்க டீச்சர், உங்களுக்கும் ஒட்டிக்கும்."

"ஒட்டட்டும்" என்று அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.